சூரியனுக்கு மூன்று கொட்டேஷன்

அக்கா, அத்தான் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. முதலில் அதை அவரிடம் சொல்லிவிடு. நம் குடும்பக் குழுவில் கைகூப்பும் படமாகவே போட்டுக்கொண்டிருக்கிறார், பார்க்கப் பாவமாக இருக்கிறது. அந்த வீடியோவை அவர் நாலு பேருக்கு அனுப்பியதால்தான் எனக்கு வேலை போக இருந்தது. அனுப்பியதால்தான் வேலை நிலைத்தும் இருக்கிறது. எப்படி என்று கேட்டால் போனில் சொல்லி மாளாது. அதனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது அவள் பயந்துவிடுவாள் என்று தோன்றும் இடங்களை விட்டுவிடு. அப்படி விட்டால் மிச்சம் எவ்வளவு இருக்கும் என்பது எனக்குத் தெரியாது.

நான் வேலை செய்வது வெயிலிலிருந்து எரிபொருள் எடுக்கும் ஆராய்ச்சி நிறுவனத்தில். வாசலில் ஆள் உயர எழுத்தில் "சூரியனே நம் எதிர்காலம்" என்று எழுதியிருக்கும். அதைப் படித்துவிட்டு உள்ளே போனால் கட்டடம் முழுக்க ஒரு ஜன்னல் கிடையாது. கட்டும்போதே வைக்கவில்லை. வெயில் உள்ளே வந்தால் ஆராய்ச்சி கெட்டுவிடுமாம்.

அம்மா அக்கம்பக்கத்தில் "என் சின்னவ வெயில்ல இருந்து காஸ் எடுக்கிறா" என்று சொல்லி வைத்திருக்கிறாள். அது கிட்டத்தட்டச் சரிதான். ஒரு கண்ணாடித் தகட்டில் மஞ்சள் நிறப் பூச்சு. பள்ளிக்கூடத்தில் குறைக்கடத்தி என்று படித்தோமே, செமிகண்டக்டர், அந்த வகை. தகட்டின் முதுகில் ஒரு குட்டி சோலார் செல். இதைத் தண்ணீரில் முக்கி, எதிரே ஒரு பிளாட்டினக் கம்பியை இணைத்துத் தொங்கவிட்டு வெளிச்சம் காட்டினால் தண்ணீர் பிரியும்; கம்பியில் ஹைட்ரஜன் குமிழி குமிழியாக வரும். அதை எரித்தால் புகை கிடையாது, மறுபடி தண்ணீர்தான். ஒரே தொல்லை, பூச்சு தண்ணீரில் ஊறி ஊறிக் கரைந்துவிடும். கரையாத பூச்சு ஒன்றைச் செய்து காட்டுவதற்குத்தான் என்னைக் கடல் தாண்டிக் கூட்டிவந்தார்கள்.

அம்மா தினமும் கேட்பாளே, "இன்னைக்காவது குமிழி வந்துச்சாடி?" என்று. "வரலம்மா" என்பேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. பிறகு "சரி, சாப்டியா?" என்பாள். இரண்டு கேள்விக்கும் அடியில் இருந்தது ஒரே பயம் என்று எனக்குத் தெரியும். குமிழி வந்ததாக நிறுவனம் ஒத்துக்கொண்டால்தான் ஒப்பந்தம் நீளும். ஒப்பந்தம் நீண்டால்தான் இங்கே தங்கும் பெர்மிட். இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அதற்கான கெடு நெருங்கிக்கொண்டே வந்தது.

எங்கள் நிறுவனத்தில் சூரியன் என்றால் வானத்தில் இருப்பது அல்ல. அது இரண்டாம் மாடியில், கறுப்புத் திரை போட்ட அறையில் இருக்கும் ஒரு விளக்கு. வெயில் மாதிரியே வெளிச்சம் தரும். அதன் அடியில் வந்த குமிழிதான் குமிழி; மற்றதெல்லாம் வெறும் காற்று. விளக்குக்கு மின்சாரம் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கும் டீசல் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. புகையில்லா எரிபொருள் எடுப்பதற்கான வெயில் டீசலில் எரிகிறது என்று சேர்ந்த புதிதில் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து நானும் சிரிப்பதில்லை.

விளக்குக்கென்று தனி அதிகாரி உண்டு. பதவியின் பெயர் சூரியப் பொறுப்பாளர். தினமும் காலை பதினொரு மணிக்கு உதயக் கூட்டம் நடக்கும். எல்லோரும் எழுந்து நிற்போம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்று சூரியன் உதித்தது" என்று அறிவிப்பார். இயக்குநர் தலையசைப்பார். பிறகுதான் வேலை ஆரம்பம். பொறுப்பாளர் விடுப்பில் போனால் அன்று சூரியன் உதிக்காது. நாங்கள் சும்மா உட்கார்ந்திருப்போம்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் விளக்கு டப்பென்று போய்விட்டது. என் புதுத் தகட்டை அப்போதுதான் தண்ணீரில் இறக்கியிருந்தேன்.

பொறுப்பாளரிடம் ஓடினேன். "சார், பல்பு போயிடுச்சு. வேற மாத்தணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போயிடுச்சுன்னு யார் முடிவு பண்ணது?"

"எரியல சார்."

"எரியலங்கறது உன் அபிப்பிராயம். சூரியன் பழுதுன்னு ஒரு குழு சொல்லணும். குழு சொல்லாம நான் எப்படிப் பல்பு கேக்க முடியும்? நாளைக்கு எவனாவது, நல்லா இருந்த சூரியனைக் கழட்டிட்டான்னு என் பேர்ல எழுதிட்டா?"

குழு வந்தது. சூரிய அறைக்குள் நுழையும் யாரும் கறுப்புக் கண்ணாடி போட வேண்டும் என்பது விதி. விளக்கு எரியாவிட்டாலும் விதி விதிதான். கும்மிருட்டு அறைக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எல்லோரும் வரிசையாகப் போனார்கள். உள்ளே யாரோ யார் காலையோ மிதித்த சத்தம் கேட்டது. வெளியே வந்து குழுவில் மூத்தவர் சொன்னார்: "ஆய்வு பண்ற அளவுக்கு உள்ள வெளிச்சம் இல்ல. விளக்கு சரியானதும் சொல்லுங்க. வந்து, பழுதான்னு பாத்துச் சொல்றோம்."

மறுநாள் உதயக் கூட்டத்தில் பொறுப்பாளர் எழுந்தார். "இன்று சூரியன் உதித்தது. வெளிச்சம் மட்டும் நிலுவையில் உள்ளது." இயக்குநர் வழக்கம்போல் தலையசைத்தார்.

என் பக்கத்து மேசைக்காரியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? பொடி எதையாவது எடை போட்டால் தும்மிக்கொண்டே இருப்பாள், அதனால் அவளுக்குப் பெயரே தும்மல். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவள்தான் சொன்னாள்.

"ஏண்டி, மேல ஒண்ணு சும்மா எரிஞ்சிக்கிட்டுத்தானே இருக்கு? அதுக்கு எவன்கிட்ட கையெழுத்து வாங்கணும்?"

"மொட்டை மாடிக்கா? யாராவது பாத்தா?"

"பாக்க ஜன்னலா இருக்கு இங்க?"

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பி இணைத்த தகட்டையும் கண்ணாடிக் குடுவையையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு படியேறினேன். திருட வந்தவள் மாதிரி செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். மாடியில் தண்ணீர்த் தொட்டி, உடைந்த நாற்காலிகள், அனல் ஊதும் ஏசி பெட்டிகள். நடுவில் வெயில் கொட்டிக்கிடந்தது. யாரும் அதைத் தொடக்கூட இல்லை.

குடுவையை ஒரு நாற்காலியின் மேல் வைத்துத் தகட்டை வெயிலைப் பார்க்கத் திருப்பினேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கம்பியில் குண்டூசித் தலை மாதிரி ஒரு குமிழி. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை அக்கா. கம்பி முழுக்கப் பூத்து, சரம் சரமாக மேலே போயிற்று. போனை எடுத்து வீடியோ பிடித்தேன். பாதியில் ஒரு மேகம் வந்து மறைத்தது. குமிழி இளைத்து நின்றுவிட்டது. மேகம் விலகியது. மறுபடி குமிழி. அப்போதுதான் நான் "வந்துடுச்சு! அம்மா, வந்துடுச்சு!" என்று கத்தியிருக்கிறேன். வெயில் சாயும்வரை அங்கேயே இருந்தேன். பூச்சு கரையவே இல்லை.

வீடியோவை உனக்கு அனுப்பினேன். நீ அத்தானுக்குக் காட்டினாய். அத்தான் "எங்க வீட்டுப் பொண்ணு கண்டுபிடிச்ச வெயில் காஸ். இனிமே சிலிண்டர் வேண்டாம்" என்று எழுதித் தெரிந்தவர்களுக்கெல்லாம் தட்டிவிட்டார். அவர்கள் தெரியாதவர்களுக்குத் தட்டிவிட்டார்கள். அது கடல் தாண்டி, யார் யார் கையிலோ புரண்டு, எங்கள் இயக்குநரின் சம்பந்தி வழியாக இயக்குநர் போனுக்கே வந்து சேர்ந்தது. வீடியோவில் பின்னால் தெரிந்த தண்ணீர்த் தொட்டியில் நிறுவனத்தின் முத்திரை பளிச்சென்று இருந்தது.

மறுநாள் விசாரணை. குற்றத்தின் பெயர் "அனுமதியற்ற வெளிச்சத்தைப் பயன்படுத்தியது."

நீள மேசை. ஒரு பக்கம் இயக்குநர், சூரியப் பொறுப்பாளர், பாதுகாப்பு அதிகாரி, கொள்முதல் மேடம். இன்னொரு பக்கம் நான்.

பாதுகாப்பு அதிகாரி முதலில் ஆரம்பித்தார். "நீங்க பயன்படுத்தின கருவி எங்க இருந்துச்சு?"

"எந்தக் கருவி சார்?"

"வெளிச்சக் கருவி."

"வானத்துல சார்."

"எவ்வளவு உயரத்துல? கீழ விழாம இருக்க என்ன ஏற்பாடு?"

நான் விரலை மேலே காட்டினேன். அவரே தொடர்ந்தார். "சரி, விடுங்க. ஏதாவது ஆபத்துன்னா அணைக்கிறதுக்கு சுவிட்ச் எங்க?"

"சுவிட்ச் இல்ல சார்."

"அணைக்கவே முடியாத ஒரு கருவியை ஆளுங்க நடமாடற கட்டடத்துக்கு மேல வச்சிருக்கீங்க!" அவருக்கு உண்மையாகவே வியர்த்தது.

பொறுப்பாளர் முகம் சிவந்து போயிருந்தார். "இத்தனை வருஷமா இந்த நிறுவனத்துல சூரியனை நான் உதிக்க வச்சிட்டிருக்கேன். எனக்குத் தெரியாம இன்னொரு சூரியனா? இந்தப் பொண்ணு என்னைத் தாண்டிப் போயிருக்கு சார். நேரா மேலிடத்துக்கே போயிருக்கு."

கொள்முதல் மேடம் மட்டும் கோபப்படவில்லை. அவர் ரொம்ப நியாயமானவர். "எனக்கு ஆட்சேபணை இல்லம்மா. அந்தச் சூரியன் நல்லா வேலை செய்யுதுன்னா முறையா வாங்கிக்கலாம். ஆனா மூணு கொட்டேஷன் வேணும். இந்தப் பொருளுக்கு எத்தனை சப்ளையர் இருக்காங்க?"

"ஒண்ணுதான் மேடம்."

"ஒண்ணுதான்னா டெண்டர் விட முடியாதே. இன்னும் ரெண்டு சூரியன் விசாரிச்சிட்டு வாயேன்."

"மேடம், அது இலவசம்."

"அய்யய்யோ! இலவசமா வர்றதை எந்தக் கணக்குலம்மா எழுதறது? அன்பளிப்பு வாங்கக் கூடாதுன்னு விதி இருக்கு."

கடைசியில் இயக்குநர் கையைத் தூக்கினார். எல்லோரும் அடங்கினார்கள். அவர் பேசினால் மேடைப் பேச்சு மாதிரியே இருக்கும். அறையில் ஒருத்தி இருந்தாலும் ஊர்வலத்தைப் பார்த்துப் பேசுவது போலத்தான் பேசுவார்.

"வெயில் மேல இந்த நிறுவனத்துக்கு இருக்கிற மரியாதை உலகத்துக்கே தெரியும். ஆனா வெயில் நம்மள மதிச்சிருக்கா? அளவுச் சான்று வாங்கியிருக்கா? காலைல ஒரு அளவு, மத்தியானம் ஒரு அளவு. மேகம் வந்தா சொல்லாம லீவு. ராத்திரி முழுக்க ஆப்சென்ட். இப்படிப்பட்ட ஒண்ணை நம்பியா நாம ஆராய்ச்சி பண்ண முடியும்? நாளைக்கு எல்லாரும் மாடிக்குப் போய்க் குமிழி விட ஆரம்பிச்சா, இந்தக் கட்டடம் எதுக்கு? இந்தப் பொறுப்பாளர் எதுக்கு?" ஒரு நிமிஷம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "நான் எதுக்கு?"

நான் கேட்காத கேள்விகளாகவே அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு: வந்த குமிழி வந்ததாக எடுத்துக்கொள்ளப்படாது. ஒப்பந்தம் நீளாது. வாரக் கடைசிக்குள் மேசையைக் காலி செய்ய வேண்டும். அன்றைக்குத்தான் உன்னிடம் போனில் தலைவலி என்று பொய் சொன்னேன்.

மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது இயக்குநர் அறையிலிருந்து கூப்பிட்டனுப்பினார்கள். இந்த முறை குரலில் தேன் வழிந்தது. "வாம்மா. உக்காரு. தண்ணி குடிக்கிறியா?"

விஷயம் இதுதான். எங்களுக்கு நிதி கொடுக்கும் குழுவின் தலைவருக்கும் அத்தானுடைய வீடியோ போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் துள்ளிக் குதித்து, குழுவோடு நேரில் வருவதாகச் சொல்லிவிட்டார்.

இயக்குநர் கணினியைத் திருப்பிக் காட்டினார்: என் வீடியோதான். வானத்தை வெட்டியிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டியை வெட்டியிருந்தார்கள். என் குரலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வீணை இசை போட்டிருந்தார்கள். மேலே "நமது சூரியன், நமது குமிழி" என்று எழுதியிருந்தது.

"நம்ம விளக்குல எடுத்ததுன்னு சொல்லணும். அவ்வளவுதான். சொன்னா பெர்மிட் காகிதத்துல அந்த நிமிஷமே கையெழுத்து. உனக்கும் குடும்பம் இருக்குல்லம்மா?"

அன்று உன்னிடம்தான் கேட்டேன். "சொல்லித் தொலைடி. ஊர்ல எவன் பொய் சொல்லல?" என்றாய். பின்னாலிருந்து அம்மா, "அதுக்காகச் சூரியனையே இல்லேன்னு சொல்லுவாளா?" என்றாள். இரண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. அதுதான் என் கஷ்டமே. பொய் சொல்லுவது என்று முடிவு செய்துகொண்டு, கண்ணாடி முன்னால் நின்று சொல்லியும் பார்த்தேன். "நம்ம விளக்குதான் சார்." நன்றாகத்தான் வந்தது.

குழு வந்தது. பெரிய திரையில் வீடியோ ஓடியது. வீணைக்கு நடுவில் குமிழிகள் ஏறின. எல்லோரும் "ஆஹா" என்றார்கள். அப்புறம் அந்த இடம் வந்தது. குமிழி இளைத்து, நின்று, மறுபடி கிளம்பும் இடம். வானத்தை வெட்டியவர்கள் அதை வெட்ட மறந்திருந்தார்கள்.

குழுத் தலைவர் திரையை நிறுத்தச் சொன்னார். அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேராக என்னிடம் கேட்டார். "நீதானே செஞ்சது? விளக்கு ஒரே சீரா எரியுமே. நடுவுல குமிழி ஏம்மா நின்னுச்சு?"

ஒத்திகை பார்த்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. வாயைத் திறந்தேன்.

"மேகம் சார்."

சொல்லிவிட்டேன் அக்கா. வேண்டுமென்று சொல்லவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடும் வாய் என் வாய். நீதான் சின்ன வயதிலிருந்தே அதற்காக என்னைக் கிள்ளுவாய். பின்னால் தும்மல் ஒரு தடவை தும்மினாள். பெர்மிட், ஒப்பந்தம், எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது இயக்குநர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு ஒளி.

"ஆமாம்! மேகம்! கடைசியில சொல்லலாம்னு வச்சிருந்தேன், இந்தப் பொண்ணு அவசரப்பட்டு உடைச்சிடுச்சு. உலகத்துல எல்லா நிறுவனத்துலயும் செயற்கைச் சூரியன் இருக்கு. செயற்கை மேகம் யார்கிட்ட இருக்கு? இயற்கை மேகம் ஒழுங்கில்லாதது, பொறுப்பில்லாதது. நம்ம மேகம், நாம சொன்னா வரும், சொன்னாப் போகும்!"

கைதட்டல். தலைவர் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார். "அந்த மேகத்தை இப்ப பாக்கலாமா?"

இயக்குநர் பொறுப்பாளரைப் பார்த்தார். பொறுப்பாளர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். விளக்கு செத்து எவ்வளவு காலமாயிற்று!

எல்லோரும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு சூரிய அறைக்குள் போனோம். திரையை இழுத்து மூடினார்கள். என் கை எனக்குத் தெரியவில்லை. சுவிட்சைப் போடும் சத்தம் கேட்டது. இருட்டு அப்படியே இருந்தது.

இருட்டுக்குள்ளிருந்து இயக்குநரின் குரல் கணீரென்று வந்தது. "முழு மேகமூட்டம்."

குழுவில் ஒருவர், "பிரமாதம்! கொஞ்சம்கூட வெளிச்சம் இல்லையே!" என்றார்.

"அதுதான் துல்லியம்" என்றார் இயக்குநர்.

"குமிழி வருதா?"

"ஒண்ணுகூட வராது. வந்தா அது மேகமே இல்ல."

இன்னொருவர் கேட்டார்: "இதுல ராத்திரியும் காட்ட முடியுமா?"

இதற்குப் பொறுப்பாளர் பதில் சொன்னார். அவர் குரலில் அவ்வளவு பெருமையை நான் கேட்டதே இல்லை. "இதே அமைப்புலயே வரும் சார். எதையும் மாத்தவே வேண்டாம்."

இருட்டில் எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ தட்டியது என் தோளில் விழுந்தது.

நிதி வந்துவிட்டது அக்கா. செயற்கை மேகப் பிரிவு என்று புதிதாக ஒன்று திறந்திருக்கிறார்கள். பழைய பல்புக்குப் பதில் புதுப் பல்பு வாங்க மேடம் பாவம், மூன்று கொட்டேஷனும் வாங்கி வைத்திருந்தார். அது ரத்து. பல்பை மாற்றினால் மேகம் கெட்டுவிடும் என்று குழு எழுதிக் கொடுத்துவிட்டது. பழுதா என்று பார்க்க வந்த அதே குழுதான். மாடிக் கதவுக்குப் பூட்டு, சாவி பொறுப்பாளர் இடுப்பில். என் மஞ்சள் தகட்டைக் கீழே வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். மேலே வெளிச்சம் பட்டு நிறம் போய்விடக் கூடாது என்று தடித்த துணி போட்டு மூடியிருக்கிறார்கள். பெருக்க வருகிற அம்மா ஒருநாள் துணியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல என்னம்மா இருக்கு?" என்று கேட்டார். "வேலை செஞ்சுக்கிட்டிருந்த ஒண்ணு" என்றேன். துணியைப் பழையபடி இழுத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு ஒப்பந்தம் நீண்டுவிட்டது. பெர்மிட்டும் கைக்கு வந்துவிட்டது, படம் அனுப்பியிருக்கிறேன், அம்மாவுக்குப் பெரிதாக்கிக் காட்டு. என் பதவி இப்போது மேகப் பொறுப்பு உதவியாளர். தினமும் உதயக் கூட்டம் முடிந்ததும் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த இருட்டு அறைக்குள் போய், குடுவையில் குமிழி எதுவும் வரவில்லை என்று உறுதி செய்ய வேண்டும். ரொம்பத் திருப்தியாக இருக்கிறதாம் என் வேலை. ஒரு நாளும் தவறியதில்லை என்று இயக்குநரே மேடையில் பாராட்டினார்.

நேற்று அம்மா வழக்கம்போலக் கேட்டாள். "இன்னைக்கு குமிழி வந்துச்சாடி?"

"வரலம்மா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"பயப்படாதம்மா" என்றேன். "வராத வரைக்கும் வேலைக்கு ஒண்ணும் ஆகாது."